சாட்ஸ்வொர்த் சபை மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: காசுக்குத் தகுந்ததா?

கட்டணம் 400 ராண்ட். தேநீர், சமோசா, ஒரு தடிமனான கையேடு எல்லாம் அதில் அடக்கம். இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு சபை மண்டபம், நேரம் சனிக்கிழமைப் பிற்பகல்கள். மதச்சார்பற்ற ஜனநாயக நாட்டில் வாழும் கிறிஸ்தவன் தன் விழுமியங்களை அக்கம்பக்கத்தாரிடமும் அரசிடமும் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பாடம். வந்தவர்களில் பாதிக்கு மேல் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள். தமிழ்க் கீர்த்தனை நன்றாகப் பாடுவார்கள், பேச்சு முழுக்க ஆங்கிலம். மீதிப் பேர் என்னைப் போல ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். எங்களுக்காகத் தமிழில் தனிக் குழு உண்டு என்று அறிவிப்பில் போட்டிருந்ததால்தான் நான் பணம் கட்டினேன். பலர் கேட்டதால் எழுதுகிறேன்: போகலாம், 400 ராண்டுக்கு மேலேயே கிடைக்கும். ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீடு வீடாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லப் பயிற்சி தருவார்கள், அல்லது 'நாடு கெட்டுப்போய்விட்டது, நாம் எழும்ப வேண்டும்' என்று இரண்டு மணி நேரம் முழங்குவார்கள், இரண்டில் ஒன்றுதான் என்று நினைத்துப் போனேன். இரண்டும் இல்லை. வகுப்பு எடுப்பவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர், எழுபதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அங்கிள். முதல் நாளே வேதாகமத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு அரசியல் சாசனப் பிரதியைக் கையில் கொடுத்தார். 1996-இல் எழுதியது. 15-ஆவது பிரிவைச் சத்தமாகப் படிக்க வைத்தார்: மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் உண்டு, அரசு நிறுவனங்களில்கூட வழிபாடு நடத்தலாம், ஆனால் எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அப்புறம் முகவுரைக்குப் போனால் கடவுள் எங்கள் மக்களைக் காக்கட்டும் என்ற வேண்டுதலே இருக்கிறது. தேசிய கீதத்தின் முதல் பகுதி மெதடிஸ்ட் பள்ளி ஆசிரியர் ஈனோக் சொன்டோங்கா 1897-இல் எழுதிய ஜெபப் பாட்டு. ஜனத்தொகையில் நூற்றுக்கு 85 பேர் அளவுக்குக் கிறிஸ்தவர்கள். ஆக இந்த நாட்டில் 'எங்களை நசுக்குகிறார்கள்' என்று அழுவதற்குப் பெரிதாக இடமில்லை என்பதை அவர் சொல்லாமலே புரியவைத்தார்.

அடுத்து அவர் காட்டிய தாள் வேறு. 1983-இன் பழைய சாசனம், நிறவெறி ஆட்சியின் சாசனம். சர்வவல்ல தேவனுக்குத் தாழ்மையோடு பணிந்து என்றுதான் அது தொடங்குகிறது. "இரண்டில் எது கிறிஸ்தவச் சாசனம்?" என்று கேட்டார். இளைஞர்கள் சிலர் பழையதைக் காட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு ஆன்ட்டி, அவர்கள் குடும்பத்தைக் கேட்டோ மேனர் என்ற பகுதியிலிருந்து பெயர்த்துத்தான் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளினார்களாம், எழுந்து நின்று, "அந்தச் சாமி பேரைச் சொல்லித்தானே எங்க வீட்டை இடிச்சாங்க" என்றார், நல்ல தமிழில். மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு கிறிஸ்தவ அரசு வேண்டும் என்று வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை.

இந்தப் பகுதியை அங்கிள் அவசரப்படாமல் நடத்தினார். நிறவெறிக்கு வேத வசனம் காட்டியதும் சபைதான், 1985-இல் நிறவெறி ஆட்சிக்கு எதிராக இறையியலாளர்கள் எழுதிய கைரோஸ் ஆவணத்தில் கையெழுத்துப் போட்டு அரசின் இறையியலைக் கண்டித்ததும் சபைதான், 1986-இல் பெல்ஹார் அறிக்கையை ஏற்றுக்கொண்டு இனப்பிரிவினையைப் பாவம் என்றதும் சபைதான். ஒரே வேதாகமம். வித்தியாசம் யாரிடம் போலீஸ் இருந்தது என்பதில் என்றார். கொஞ்சம் எளிமைப்படுத்துகிறார் என்று தோன்றியது. ஆனால் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டெஸ்மண்ட் டூட்டு பற்றிய வகுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்கு அந்த ஆங்கிலிக்கன் பேராயர்தான் தலைவராக இருந்தார். 1996-இல் விசாரணை தொடங்கியபோது பேராயரின் ஊதா அங்கியோடு உட்கார்ந்து ஜெபத்தோடு ஆரம்பித்தார். ஜோகன்னஸ்பர்க் அமர்வுக்கு முன்னால், இது சட்டப்படி அமைந்த ஆணையம், எல்லா மதத்தாரும் வருகிறார்கள், ஜெபம் வேண்டாம், ஒரு நிமிட மௌனம் போதும் என்று சக ஆணையர் ஒருவர் கேட்டுக்கொள்ள, டூட்டு சரி என்று மௌனம் காத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் கடைசியில் ஜெபத்துக்கே திரும்பிவிட்டார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள், கைகூடத் தட்டினார்கள். அங்கிள் தட்டவில்லை. "சரி, அந்த அறையில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு நம்ம டர்பன் கதைக்கு வந்தார்.

கிரிஃபித்ஸ் ம்க்ஸெங்கே நிறவெறியை எதிர்த்த டர்பன் வழக்கறிஞர். 1981-இல் டர்பன் பக்கத்து உம்லாஸியில் போலீஸ் ஆட்களால் குத்திக் கொல்லப்பட்டார். மனைவி விக்டோரியாவும் வழக்கறிஞர், 1985-இல் அவரையும் கொன்றார்கள். குற்றத்தை முழுக்க ஒப்புக்கொண்டால் மன்னிப்பு என்று ஆணையச் சட்டம் வந்தபோது அந்தக் குடும்பமும், போலீஸ் காவலில் இறந்த போராளி ஸ்டீவ் பீக்கோவின் குடும்பமும் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போய், எங்களுக்கு நீதிமன்ற விசாரணை வேண்டும் என்று கேட்டார்கள். 1996-இல் தோற்றார்கள். மன்னிப்பு நம் விழுமியம், அதைப் போல அழகானது வேறில்லை என்று மேடையில் சொல்லிவிட்டுப் போகலாம். அடுத்தவன் வீட்டுச் சாவுக்கு நாம் மன்னிப்புக் கொடுக்கச் சொல்லி, அதைச் சட்டமாகவும் போட்டால்? அந்தச் சமரசம் இல்லாவிட்டால் நாடு ரத்தக்களரி ஆகியிருக்கும் என்ற வாதமும் உண்டு, அதையும் அங்கிள் மறைக்கவில்லை. இந்த ஒரு மணி நேரத்துக்கே கட்டணம் சரியாகப் போயிற்று என்பேன்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன், ஏனென்றால் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வகுப்பில்லை இது. எங்கள் தமிழ்க் குழுவுக்குக் கொடுத்த வேலை: ஆரம்பப் பள்ளி இருக்கும் தெருவில் ஒரு மதுக்கடை உரிமம் கேட்கிறது, உரிமம் கொடுக்கும் வாரியத்துக்கு ஆட்சேபக் கடிதம் எழுது. குழுவில் இருந்த தம்பி ஒருவர் பேனாவைத் திறந்த வேகத்தில் நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எழுதினார். 'திராட்சரசம் பரியாசஞ்செய்யும், மதுபானம் அமளிபண்ணும்.' அதற்குக் கீழே, ஆகையால் இந்தக் கடைக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. கடிதம் முடிந்தது. அங்கிள் அதை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வாரிய உறுப்பினர் மாதிரியே வாசித்தார். "நான் ஒரு முஸ்லிம். எனக்கும் மது ஹராம். ஆனால் உங்கள் புத்தகத்துக்காக நான் ஏன் உரிமத்தை மறுக்க வேண்டும்? எனக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சாமியே கிடையாது. அவருக்கு என்ன சொல்கிறீர்கள்?" தம்பி முகம் சிவந்துவிட்டது.

பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன? நாகர்கோவிலிலிருந்து வந்த நர்ஸ் அக்கா ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். சம்பள நாள் வெள்ளிக்கிழமை இரவு விபத்துப் பிரிவில் தையல் போட்டுக் கை ஓய்ந்துபோவதைச் சொன்னார், உடைந்த பாட்டிலால் கிழிந்த முகம் எப்படி இருக்கும் என்றும் சொன்னார். சமோசாவை நான் கீழே வைத்துவிட்டேன். இன்னொருவர் பள்ளிக்கூடம் விடும் நேரத்தையும் டாக்ஸி நிறுத்தத்துக்குப் பிள்ளைகள் நடக்கும் வழியையும் படம் போட்டுக் காட்டினார். இரண்டாவது கடிதத்தில் இதெல்லாம் வந்தது, வசனம் போய்விட்டது.

இங்கேதான் சண்டை பிடித்தது. நர்ஸ் அக்கா, "வசனத்தை எடுத்துட்டா இதை யாரு வேணும்னாலும் எழுதலாமே, இதுல என் விசுவாசம் எங்க இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விசுவாசியைச் சபைக்கு வெளியே வந்தால் வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்வதா மதச்சார்பின்மை? அங்கிள் சொன்ன பதில்: எடுக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். நான் ஏன் இதில் அக்கறைப்படுகிறேன் என்று உங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வசனம் தாராளமாக இருக்கட்டும், வாரியம் ஏன் மறுக்க வேண்டும் என்ற இடத்தில் எல்லோரும் எடைபோடக்கூடிய காரணம் இருக்கட்டும். எனக்கு இது முக்கால்வாசி சரியாகப் படுகிறது. மீதிக் கால்வாசிக்குக் காரணம், எல்லா விழுமியத்துக்கும் விபத்துப் பிரிவுக் கணக்குக் கிடைக்காது. மரண தண்டனை கூடாது என்று நான் நம்புவது புள்ளிவிவரம் பார்த்தா? 1995-இல் இந்த நாட்டு நீதிமன்றம் அதை ஒழித்தபோது மனித மாண்பைத்தான் பெரிதாகப் பேசியது. மாண்பை எந்தத் தராசில் நிறுப்பது? கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுத் தேநீர் இடைவேளை விட்டுவிட்டார்.

கடிதத்தின் கடைசிப் பத்தி ஒரு முதியவரின் யோசனை. வெள்ளி, சனி மாலைகளில் எங்கள் சபை மண்டபத்தைத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்து வைக்கிறோம், எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம், மின்கட்டணம் எங்களுடையது என்று எழுதச் சொன்னார். உடனே ஒருவர், "சபைக் கமிட்டி ஒத்துக்காதே" என்றார். அதுதானே விஷயம்! கடைக்காரன் நஷ்டப்பட வேண்டும், குடிக்கிறவன் திருந்த வேண்டும், நமக்கு மட்டும் ஒரு ராண்டும் செலவாகக் கூடாது. இப்படி வைத்துக்கொண்டு விழுமியம் என்று பேசினால் எவன் கேட்பான்? அந்த முதியவரின் பத்திக்குத்தான் என் ஓட்டு.

வழக்குகள் பற்றிய வகுப்பு வேகமாக ஓடியது. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மூக்குத்தி போட்ட தமிழ் இந்து மாணவியின் வழக்கு, 2007-இல் மாணவி பக்கம் தீர்ப்பு. கட்டாயச் சடங்காக இல்லாமல் விருப்பத்தோடு பின்பற்றும் வழக்கமாக இருந்தாலும் பள்ளி இடம் கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அப்புறம் டர்பன் பக்கத்து இசிபிங்கோ மதரசாவின் பாங்கு வழக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்கக் கூடாது என்று 2020-இல் டர்பன் உயர் நீதிமன்றம் சொன்னதை 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. இத்தனைக்கும் ஒலிபெருக்கி இல்லாமல் சொல்லும் பாங்கு. இதை அங்கிள் சொன்னதும், முழு இரவு ஜெபத்துக்கு எட்டுத் திசைக்கும் ஸ்பீக்கர் வைக்கும் சபைகளின் ஆட்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மது விற்றதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கும் உண்டு, 1997-இல். ஞாயிறையும் பெரிய வெள்ளியையும் கிறிஸ்துமஸையும் விலக்கி வைத்த சட்டம் ஒரு மதத்துக்குச் சலுகையா என்று நீதிபதிகளே மூன்றாகப் பிரிந்து எழுதினார்கள், சட்டம் தப்பியது. கையேட்டில் இவை எல்லாமே இருக்கின்றன, நன்றாகச் சுருக்கியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த நாள், ஒரு இந்து அம்மா விருந்தினராக வந்த நாள். ஒரு மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருப்பவர். பேச்சை ஆரம்பித்ததே பெரிய வெள்ளியில். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் ஈஸ்டர் விடுமுறையில் திருவிழா நடப்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் வேடிக்கையாக இருக்கும். தோட்ட முதலாளி விட்ட நீண்ட லீவு அதுதான், அதனால் அம்மனும் அந்த நாளுக்கு வந்துவிட்டாள் என்று சிரித்தார். தீபாவளிக்கு இன்றுவரை அரசு விடுமுறை இல்லை. "உங்க விழுமியத்தைப் பகிர்ந்துக்கணும்னு வகுப்பு வெச்சிருக்கீங்க, எங்க காலண்டரே உங்களோடதுதானே, இன்னும் என்ன பகிரணும்?" வகுப்பே சிரித்தது, ஆனால் அந்தம்மா விளையாட்டாகச் சொல்லவில்லை.

காவடி நாளில் கோயில் வாசலில் நின்று, அலகு குத்திய ஆளின் கையில் 'நீ நரகத்துக்குப் போகிறாய்' என்ற கைப்பிரதியைத் திணிக்கிறவர்களைப் பற்றிச் சொன்னார். திணிக்கிறவன் சிலசமயம் சொந்த அக்கா மகனாகவே இருக்கிறான். வீட்டில் பாதி பேர் பெந்தெகொஸ்தே ஆகிவிட்டார்கள், அம்மாவின் கருமாதிக்கு வர மாட்டேன் என்கிறான் அண்ணன், பிரசாதத்தைத் தொட மாட்டேன் என்கிறாள் மருமகள். சட்டப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. கைப்பிரதி கொடுக்க உரிமை உண்டு, மதம் மாற உரிமை உண்டு, பிரசாதத்தை மறுக்கவும் உரிமை உண்டு. "உரிமை இருக்குதுன்னு தெரியும்பா, மரியாதை எங்க?" என்றார். அதற்கு வகுப்பில் ஒருவரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து சத்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாதே என்றார். சொல்லுங்கள், என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சொல்லுங்கள், நான் தேநீர் போட்டுத் தருகிறேன், கோயில் வாசலில் வேண்டாம் என்றார் அந்தம்மா.

அன்றைக்கு அங்கிள் எடுத்துச் சொன்ன புனித எய்டன் மருத்துவமனைக் கதையும் நன்றாக இருந்தது. டர்பனில் ஆங்கிலிக்கன் மிஷன் டாக்டர் பூத், பார்சி ருஸ்தம்ஜி கொடுத்த நன்கொடை, அங்கே தினமும் கொஞ்ச நேரம் மருந்து கலந்து கொடுத்த வக்கீல் காந்தி. வந்த நோயாளிகள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழரும் தெலுங்கரும் வட இந்தியரும். மிஷன் என்றாலே மதமாற்றம் என்று எரிச்சல்படும் என் நண்பர்களுக்கும், மற்ற மதத்தானோடு சேர்ந்து ஒரு காரியமும் செய்யக் கூடாது என்னும் என் சபைக்காரர்களுக்கும் சேர்த்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, குறைகள். ஒருபாலினத் திருமணம் பற்றிய பகுதி அரை மணி நேரத்தில் முடிந்தது, அதுவும் கடைசி நாள், எல்லோரும் சான்றிதழுக்குக் காத்துக்கொண்டிருக்கும்போது. 2006-இல் சட்டம் வந்தது. மனச்சாட்சி இடங்கொடுக்காத அரசுப் பதிவாளர் விலகிக்கொள்ளலாம் என்று அதிலிருந்த பிரிவை 2020-இல் நீக்கிவிட்டார்கள். பாஸ்டரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அரசுச் சம்பளம் வாங்கும் அதிகாரி மறுக்க முடியாது. இந்தக் கோடு ஏன் அங்கே விழுந்தது, அந்த அதிகாரி கிறிஸ்தவராக இருந்தால் என்ன செய்வது, வேலையை விடுவதா, இதைத்தான் நாங்கள் எல்லோரும் கேட்க வந்தோம். என் கருத்து, கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் அது உன் கை இல்லை, அரசின் கை. வகுப்பில் பாதி பேர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சண்டை போட்டிருந்தால்தான் பயன். அங்கிளுக்கு அந்தச் சண்டை வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது.

தமிழ்க் குழு உண்டு, ஆனால் கையேடு முழுக்க ஆங்கிலம். எங்கள் குழுவில் நர்ஸ் அக்காதான் இலவச மொழிபெயர்ப்பாளர். அவருக்குக் கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி, முதுகு வலிக்கிறவர்கள் ஒரு தலையணை கொண்டுபோங்கள். கார் நிறுத்த இடம் போதாது. சமோசா முதல் தரம், உருளைக்கிழங்கு இல்லை, நல்ல காரமான சோளம், சீக்கிரம் போனால்தான் கிடைக்கும்.

பெரிய குறை என்றேனே, அது இதுதான்: இந்து அம்மா வந்த அந்த ஒரு நாளைத் தவிர மற்ற எல்லா நாளும் அறைக்குள் நாங்கள் மட்டுமே. இந்துவிடம் எப்படிப் பேசுவது, முஸ்லிமிடம் எப்படிப் பேசுவது, நம்பிக்கை இல்லாதவனிடம் எப்படிப் பேசுவது என்று கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களிடமே பேசிக்கொண்டிருந்தோம். அங்கிள் மூக்கு நுனிக் கண்ணாடியோடு முஸ்லிமாக நடித்தது நன்றாகத்தான் இருந்தது, தெருவில் மூன்று வீடு தள்ளி நிஜ முஸ்லிம் இருக்கும்போது நடிப்பு எதற்கு? இதை நடத்துகிறவர்களிடமே சொன்னேன். வகுப்பு எல்லோருக்கும் திறந்ததுதான், யாரையும் தடுக்கவில்லை என்றார்கள். என் அலுவலக நண்பர், திருச்சிக்காரர், சைவர், அடுத்த முறை சேர ஆசைப்பட்டுப் பதிவுப் படிவத்தைத் திறந்தார். 'உங்கள் சபையின் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடவில்லை. அதையும் சொன்னேன். எடுத்துவிடுகிறோம் என்றார்கள். நேற்றுப் பார்த்தேன், இன்னும் இருக்கிறது.